சிவனு அண்ணனின் பழைய கம்ப்யூட்டரைப் பேசவைத்த கதை

பிள்ளைகளே, கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் முதலாளி நானா திரும்பத் திரும்ப ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். வேலையை விட்டு வீட்டில் இருக்கிறவளையும் சும்மா இருக்க விடமாட்டார். ரேமை எப்படி மாட்டுவது, பவர் சப்ளையை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே வீடியோவாக வருகிறது, என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லித் தருகிறார்கள். வீடியோவில் வராத ஒரு சங்கதியைச் சொல்கிறேன். லினக்ஸ் என்ற சாமானை நான் முதன்முதலாகத் தொட்ட கதை அது.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். டைப்ரைட்டிங் வகுப்பு வழியாக இந்தத் தொழிலுக்குள் வந்து விழுந்தேன். பதுளை பஸாரில் நானாவின் கடையில் ரிப்பேர் மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தால், வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, “ரிப்பேர் பாஸ் எங்க?” என்று மேஸ்திரியைத் தேடுவார்கள். நான்தான் என்றால் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று நானா சொல்வார். இருக்கலாம்.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. எந்த மெசின் வந்தாலும் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி விண்டோஸைப் போடுவது. கணினி வகுப்பு நடத்தும் சார் ஒருவர் ஒருநாள் லினக்ஸ் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து தந்து, விண்டோஸுக்குப் பதிலாக இது பழைய மெசினுக்கு நல்லது, போட்டுப் பாருங்கள் என்றார். நான் உறையைக்கூடப் பிரிக்காமல் அதை என் பிளேன்டீ கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மேசையில் கறை படியாமல் காப்பாற்றியது, அந்தளவில் நல்ல சாமான்தான் என்று அவரிடமே கிண்டலும் அடித்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் சிவனு அண்ணன் வந்தார். எங்கள் கடைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். மடுல்சீமைத் தோட்டத்துக்காரர். அவர் மனைவி பாக்கியம் அக்கா அங்கே கொழுந்து எடுக்கிறவர், அதனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா அவர்களிடமே இருந்தது. அண்ணன் கிழமை நாளெல்லாம் பதுளையில், சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று இந்தப் பக்கத்துத் தமிழெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் வெளியே போனது. அவ்வளவு வாய்! தெருமுனையில் நின்று “பாஸம்மோவ்!” என்று கூப்பிட்டாரென்றால் மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். எனக்கு அந்தப் பெயரை வைத்ததே அவர்தான்.

அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை. உரச்சாக்கில் சுற்றிய கம்ப்யூட்டர் ஒன்றை என் மேசைமேல் இறக்கிவைத்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தொண்டையில் நோய் வந்து, கொழும்பில் வெட்டியெடுத்துவிட்டார்கள், பேச்சு போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்படுவது வேறு, பார்ப்பது வேறு. அவர் பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

“இத பேச வைக்க முடியுமா?”

நானா எழுந்து வந்தார். “எதுக்குங்க கம்ப்யூட்டர்? போன்லயே செய்யலாமே” என்றார். அண்ணன் தலையை ஆட்டி, துடைத்து, மறுபடி எழுதினார். மகள் டச் போன் ஒன்று அனுப்பியிருந்தாளாம். கண் மங்கல், விரல் தடிப்பு, ஓர் எழுத்தை அமுக்கினால் இரண்டு எழுத்து விழுகிறது. கீபோர்டென்றால் பார்க்காமலே அடிப்பேன் என்று எழுதினார். அதையும் துடைத்தார். பிறகு எழுதினார்.

“பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதுறத அடுத்தவங்கதான் வாசிச்சு சொல்றாங்க. அவகிட்ட ஒரு விசயம் நேரா சொல்லணும். ஆள் வச்சு சொல்ற விசயம் இல்ல.”

நானா அதைப் படித்துவிட்டுத் தன் கைக்குட்டையாலேயே சிலேட்டைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். “வச்சிட்டுப் போங்க. பாப்பம்” என்றார். முடியும் என்று சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். நானாவின் வாயிலிருந்து ‘முடியும்’ என்ற சொல் வேலை முடிந்த பிறகுதான் வரும்.

மெசினைத் திறந்தால் தூசி, கரப்பான் முட்டை, அச்சக மை வாசனை. அச்சகத்தில் புதிது வாங்கியபோது அவருக்கே கொடுத்த பழசு. உள்ளே இருந்த பழைய விண்டோஸுக்குத் தமிழ் பேச வராது. புது விண்டோஸைப் போட்டால் அந்தக் கிழட்டு மெசின் மூச்சுவிடாது. சாமான் விலையெல்லாம் கொள்ளை விலையாய் ஏறிக் கிடந்த காலம், வேறு மெசின் வாங்கச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்தபடி இருந்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல் கோப்பையைத் தூக்கி அந்த டிஸ்க்கை எடுத்தேன்.

“அழிக்கிறதுக்கு முந்தி அவர்ட சாமானெல்லாம் வேற டிஸ்க்ல எடுத்து வைங்க மகள்” என்றார் நானா. எடுத்து வைத்தேன். அழிக்காமலே டிஸ்க்கிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஓட்டினேன். அடேயப்பா, அந்தக் கிழம் எழுந்து உட்கார்ந்தது! மெதுவாகத்தான், ஆனால் எழுந்தது. எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. அடுத்த வீட்டு அடுப்படியில் உப்பு தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இத்தனை வருசம் வேலை செய்தவளுக்கு ஒரு பைலை எங்கே சேமிப்பதென்று தெரியவில்லை, வெட்கமாகப் போயிற்று. கடைசியில் எழுத்தை வாசிக்கிற ஒரு புரோகிராம் கிடைத்தது, அதற்குத் தமிழும் தெரிந்திருந்தது. ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி ‘வணக்கம்’ என்று அடித்தேன். திரையில் தமிழாக விழுந்தது. பெட்டி பேசியது.

நானா விழுந்து விழுந்து சிரித்தார். “யா அல்லாஹ், இது யாரு? மூக்கடைச்ச தொரை ஒருத்தரு தமிழ் படிச்ச மாதிரி ஈக்கி!”

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: “அவர வரச்சொல்லி இங்கயே உக்கார வச்சுப் பாருங்க. அதுக்குப் பொறகு கொண்டு போங்க.”

நான் கேட்டேனா? இல்லை. நோயாளி மனிதரை அந்த ரோட்டில் மறுபடி எதற்கு அலைக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். விண்டோஸை அழித்து லினக்ஸையே மெசினில் போட்டுவிட்டு, அண்ணனின் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மருமகப் பெண்ணுக்குப் போன் பண்ணி, “பேசுதுன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வாறேன்” என்று சொல்லிவிட்டேன். லயத்தில் ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு குழிக்கும் அதைக் குழந்தை மாதிரித் தூக்கிப் பிடித்து, இறங்கும்போது கை இரண்டும் மரத்துவிட்டது. போய்ப் பார்த்தால் காம்பரா வாசலில் கூட்டம். பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாக்கியம் அக்கா எனக்குப் பிளேன்டீ தந்தார், சீனி போதுமா என்று கேட்டார். எல்லாரிடமும் நன்றாகப் பேசினார். கணவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவர் கையில் கோப்பையை வைத்தபோதும் முகத்தைப் பார்க்கவில்லை.

மருமகப் பெண் என் காதில், “ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இப்படித்தாங்க. கஞ்சி காச்சி குடுக்கும், துணி தொவைக்கும், பக்கத்துல ஒக்காராது. என்னமோ தெரியல” என்றாள்.

மெசினை மாட்டிப் போட்டேன். அண்ணன் திரையைப் பார்த்தார், தன் பழைய எழுத்து எங்கே என்று சிலேட்டில் கேட்டார். அவர் வாழ்நாளெல்லாம் அடித்தது பாமினி என்கிற எழுத்துருவில். அது ஒன்றும் பெரிய விசயமில்லை என்று, எடுத்து வைத்திருந்த அவருடைய சாமானிலிருந்து பாமினியைப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, பழைய வேகத்தில் ‘அம்மா’ என்று அடித்தார். திரையில் அழகான ‘அம்மா’. எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். பேசும் பட்டனை அமுக்கினேன்.

“எம். கே. கே. எச்.”

பெஞ்சிலிருந்து ஒருவர், “அடடே, அண்ணனுக்கு இங்கிலீசு வந்திருச்சு டோய்!” என்றார். லயமே சிரித்தது. அண்ணன் வேறு வேறு சொல் அடித்துப் பார்த்தார். எதை அடித்தாலும் அந்தப் பாழாய்ப்போன பெட்டி ஆங்கில எழுத்தையே எண்ணி எண்ணிச் சொன்னது.

புதியவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். பாமினியில் நாம் பார்ப்பதுதான் தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, அதற்குமேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குச் சட்டை போதும். வாசிக்கிற மெசின் சட்டையைப் பார்க்காது. கடையில் நான் என் விரலால் அடித்துப் பார்த்தேன், என் அடியில் உள்ளேயும் தமிழாக இருந்தது, அதனால் பேசியது. அவர் விரலால் அடிக்க வைத்துப் பார்க்கவில்லை.

பாக்கியம் அக்கா அடுப்படி வாசலில் நின்றபடி சொன்னார்: “இவரு எழுதுறதுதான் எனக்கு வெளங்காம இருந்துச்சு தங்கச்சி. இப்ப இது பேசுறதும் வெளங்கலையே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். சுற்றி நின்றவர்களோ ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். வயர் கோளாறு என்றார் இன்னொருவர். பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று வாய் வரை வந்தது. நான் வயரில் கை வைத்ததும் அண்ணன் பெட்டிமேல் தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்துக்கு நீங்களும் ஒருநாள் வருவீர்கள். அப்போது கை எதையாவது செய்யத் துடிக்கும். கண்டதையும் அமுக்கும், இருப்பதையும் கெடுக்கும். நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் இருங்கண்ணே” என்று சொல்லிவிட்டுக் கோயில் மேட்டுக்கு ஏறினேன். என் போனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். நானாவை அழைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அவரு டைப் அடிக்கக்குள்ள எதப் பாக்குறாரு மகள்?” என்று கேட்டார்.

“எதையும் பாக்குறதில்ல நானா. கண்ண மூடிக்கிட்டே அடிக்கிறாரு.”

“அப்ப எழுத்து என்ன வடிவத்துல ஈந்தா அவருக்கு என்ன?”

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. போனை வைத்தேனா, அப்படியே கையில் பிடித்துக்கொண்டே ஓடினேனா, நினைவில்லை. அண்ணனுக்கு வேண்டியது பாமினி இல்லை. எந்தக் கட்டையை அமுக்கினால் எந்த எழுத்து என்பதுதான் அவர் விரலுக்கு வேண்டும். உள்ளேயும் தமிழாக விழுந்து, கட்டைகள் மட்டும் அவர் பழகிய இடத்தில் இருக்கிற ஒன்று இருந்தால் போதும். லினக்ஸில் தமிழ் கீபோர்ட் வகைகள் வரிசையாக இருந்ததை நான் கடையிலேயே பார்த்திருந்தேன், எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றாக மாற்றி, “அடிங்கண்ணே, கண்ண மூடிட்டு அடிங்க” என்றேன். ஒன்றில் குப்பை விழுந்தது, அடுத்ததிலும் குப்பை. இலங்கை என்று போட்டிருந்த ஒன்றை எடுத்தேன். அவர் விரல் ஓடியது. ஓரிரு எழுத்து மட்டும் இடம் மாறி விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து, நெற்றியைச் சுருக்கி, அந்தக் கட்டைகளைத் தேடிப் பிடித்தார். மறுபடி அடித்தார்.

பெட்டி சொன்னது: “பாக்கியம்.”

மூக்கடைத்த துரையின் குரல்தான். ஆனாலும் அது பெயர்தானே. அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அக்கா வந்து வாசற்படியில் நின்றார். “யாரு கூப்பிட்டது?” என்றார், தெரிந்துகொண்டே.

வெளியே ஒரே ஆரவாரம். என் பெயரைச் சொல்லச் சொல்லுங்க, அவன் பெயரைச் சொல்லச் சொல்லுங்க என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அண்ணன் எல்லாருடைய பெயரையும் அடித்தார். இங்கிலீசு வந்திருச்சு என்று கேலி பண்ணியவரின் பட்டப்பெயரையும் அடித்தார், லயம் குலுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோசத்தில். வேலை முடிந்தது, பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று பையைக் கட்ட ஆரம்பித்தேன்.

ஆனால் அண்ணன் கையைத் தூக்கிவிட்டார். கீபோர்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். லயத்தில் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடியில் கேட்கும். கூட்டத்தை அனுப்பினாலும் ஒன்றுதான், அனுப்பாவிட்டாலும் ஒன்றுதான். வாய் இருந்த காலத்தில் காதோடு காதாகச் சொல்லியிருப்பார். இந்தப் பெட்டிக்குக் காதோடு சொல்லத் தெரியாது.

அவர் என்ன கேட்டு வந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேச வைப்பது பாதி வேலைதான்.

சவுண்ட் சோதிக்க என் பையில் எப்போதும் ஒரு ஹெட்போன் கிடக்கும். காதை முழுக்க மூடுகிற பெரிய சைஸ், பஞ்செல்லாம் பிய்ந்துபோனது. அதை மாட்டினேன். பெட்டியின் சத்தம் நின்றது. பாக்கியம் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, கொண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி, காதில் வைத்தேன். “இது எதுக்கு தங்கச்சி?” என்றார்.

“அண்ணன் ஒங்ககிட்ட மட்டும் ஏதோ சொல்லணுமாங்க்கா. எங்களுக்கு ஒண்ணும் கேக்காது.”

உள்ளே எட்டிப் பார்த்து நின்றவர்களை வெளியே தள்ளினேன். மருமகப் பெண் போக மனமில்லாமல் நின்றாள், அவளையும் தள்ளினேன். திரையில் விழுவது எனக்கு வாசிக்கத் தெரியுமே என்று நானும் வெளியே வந்து, வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கீபோர்ட் சத்தம் மட்டும் கேட்டது. வேகமாக இல்லை. அடிக்கிறார், நிற்கிறார், அடிக்கிறார்.

அடிக்கும் சத்தம் நின்றது. பிறகு, காதை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அப்படி, லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி பாக்கியம் அக்கா கத்தினார்:

“நாந்தானே மடிச்சு குடுத்தேன்! வெத்தலையில பொகையில வச்சு, காலையிலயும் அந்தியிலயும் நாந்தானே மடிச்சு மடிச்சு குடுத்தேன்! அதாலதான்னு டாக்டர் சொன்னாரே! எங்கையாலதானே குடுத்தேன்!”

பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் ‘ஒம்மேல குத்தமில்ல’ என்றுதான் சொல்லியிருப்பார் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

உள்ளே மறுபடி விரல் ஓடியது. இந்தத் தடவை நிற்காமல் ஓடியது, அச்சகத்தில் ஓடின மாதிரி. எனக்குத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தது. பார்த்துவிட்டேன். அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். பார்வை அண்ணனின் முகத்தில் இருந்தது.

“நெசமாவா?” என்று கத்தினார். “மனசார சொல்றீங்களா?”

தலையை ஆட்டியிருந்தாலே போதும், அவருக்குப் புரிந்திருக்கும். அண்ணன் ஆட்டவில்லை. கீபோர்டின்மேல் குனிந்து, அதையும் அடித்தார்.